கரையைக் காப்பது கடவுளா, கலங்கலா?

சென்ற மழைக்காலத்தில் செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமது தோழர் ஒருவர் வீட்டுச் சுயமரியாதைத் திருமணத்திற்குப் போயிருந்தோம். அடைமழையில் கலியாணமா என்று வைதீக நண்பர்கள் கேட்பார்கள். நாள் நட்சத்திரம் பாராமல் வைத்த கலியாணமானதால் மழையையும் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருக்கையில் ஊர்க்கோடியில் தப்பட்டைச் சத்தம் கேட்டது. “தாங்கல் கோடி போவுது அண்ணே, கிடா வெட்டப் போறாங்க, வந்து பாருங்க” என்று ஓர் இளைஞர் கூப்பிட்டார். போனோம்.

தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிற்றேரிக்குப் பெயர். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர்ப்பெயர்களிலேயே அந்தச் சொல் நிற்கின்றது. மேட்டிலிருந்து ஓடி வரும் மழைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டு, பிறகு மெல்ல விடுவது அதன் வேலை. நாம் பார்த்த தாங்கலின் கரை சுமார் 10 அடி உயரம் இருக்கும். ஒரு மூலையில் பழைய கல் கலங்கல். கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில், அறுபது வீடுகள் கொண்ட காலனி. ஊர் மேட்டிலும் காலனி பள்ளத்திலும் ஏன் இருக்கிறது என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பத்துத் தலைமுறையாக யார் யாரை எங்கே குடியிருக்கச் சொன்னார்கள் என்பது நமது வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

கலங்கல் ஓரத்தில் மஞ்சள், குங்குமம், பூமாலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் தயாராயிருந்தன. பூசாரி ஒரு சிவப்புப் புடவையைத் தண்ணீரில் விட்டார். கிடா வெட்டினார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். யாருமே கலங்கலைப் பார்க்கவில்லை.

நாம் பார்த்தோம். கலங்கலின் வாயில் மூங்கில் தட்டியும் அதன்மேல் வலையும் கட்டியிருந்தது. மீன் குத்தகைக்காரர் தமது மீன் தண்ணீரோடு போய்விடாமலிருக்க அதைக் கட்டியிருக்கிறார். அந்தத் தட்டியில் வைக்கோலும், வேலிக்காத்தான் முள்ளும், பிளாஸ்டிக் பைகளும் வந்து அடைத்துக்கொண்டு நின்றன. தட்டிக்கு உள்பக்கம் தண்ணீர் இரண்டு சாண் உயர்ந்து நிற்க, வெளிப்பக்கம் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்கூட மீதியில்லை. வானமோ கறுத்துக் கிடந்தது.

கூட்டத்திற்குச் சற்று எட்டி நின்ற காலனி அம்மாள் ஒருவர் நம்மிடம், “சாமிக்குக் கிடா வெட்றாங்க அய்யா, வெட்டட்டும். எங்களுக்கு ரெண்டு நாளாத் தூக்கம் கிடையாது. ஒடைஞ்சா மொதல்ல எங்க ஊடுதானே போவும்” என்று சொன்னார். அன்று அங்கே பேசியவர்களில் அறிவோடு பேசியவர் அவர் ஒருவரே.

இந்தக் கரைக்குப் பொறுப்பாளி யார் என்று விசாரித்தோம். கிராம அதிகாரி பஞ்சாயத்தைக் கை காட்டினார். பஞ்சாயத்தார் ஒன்றியத்தைக் காட்டினார்கள். ஒன்றியத்தில் வேலை செய்யும் ஒருவர் அங்கேயே இருந்தார். அவர் பொதுப்பணித் துறையைக் காட்டினார். கடைசியாக ஒரு பெரியவர் மேலே வானத்தைக் காட்டினார். அத்தோடு விசாரணை முடிந்துவிட்டது.

தோழர்களே! இந்த மேலே காட்டும் விரலைப்பற்றித்தான் நாம் இன்று எழுதத் துணிந்தது. ஏரி உடையாமல் நின்றால் அது கடவுள் காத்தது. உடைந்துபோனால் அது கடவுள் செயல். இரண்டு கணக்கிலும் கடவுள் பெயர் இருக்கிறது. பொறுப்பான மனிதன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு, கடமையைச் செய்யாதவனுக்கு உலகத்தில் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

முதல் கணக்குக்கு அத்தாட்சி வேண்டுமானால் அந்தக் கிராமத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் என்று ஒரு சாமி இருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனியாரின் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் துரை, வருஷா வருஷம் மழையில் உடையும் அந்தப் பெரிய ஏரியின் கரையைப் பழுது பார்க்க முனைந்தாராம். கோயில்காரர்கள் தாயார் சந்நிதியைக் கட்டித் தரும்படி கேட்டார்களாம். இந்த வருஷம் கரை உடையாமல் இருந்தால் கட்டித் தருகிறேன் என்று துரை சொன்னாராம். 1798இல் பெருமழை பெய்த ஓர் இரவில் துரை கரைக்குப் போய்ப் பார்க்க, வில்லும் கையுமாக இரண்டு வாலிபர்கள் காவல் நின்றார்களாம். அவர்கள்தான் ராமனும் லட்சுமணனும் என்பது கதை. சந்நிதியும் கட்டியாயிற்று.

இதில் நாம் கேட்பது இரண்டே கேள்விகள். வருஷா வருஷம் உடைந்துகொண்டிருந்தபோது அதே ராமர் அதே கோயிலில்தானே இருந்தார்? அப்போதெல்லாம் வில்லை எங்கே வைத்துவிட்டுப் போயிருந்தார்? கலெக்டர் ஆள் வைத்துக் கரையைச் செப்பனிட்ட வருஷம் பார்த்துத்தானா காவலுக்கு வர வேண்டும்? மண் சுமந்த கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு கல்லும் நடவில்லை, ஒரு கதையும் கட்டவில்லை.

இரண்டாவது கேள்வி இன்றைய நாளைப் பற்றியது. அதே மதுராந்தகம் ஏரியைத் தூர் வாரவும், கரையைப் பலப்படுத்தவும், உபரி நீர் போக ஷட்டர்கள் அமைக்கவும் சில வருஷங்களுக்கு முன் சர்க்கார் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கி வேலை தொடங்கிற்று. ஏரியைக் காக்க ராமர் இருக்கையில் ஷட்டர் எதற்கு? ஆஸ்திகர்களில் ஒருவராவது, “இது ராமரை நம்பாத காரியம், நிறுத்துங்கள்” என்று ஆட்சேபித்ததாக நாம் கேள்விப்படவில்லை. உள்ளுக்குள் அவர்களுக்கும் தெரியும் என்பதுதானே இதன் அர்த்தம்?

நிற்க, இரண்டாவது கணக்கு. அதாவது உடைந்தால் கடவுள் செயல் என்பது. இதை நம்முடைய பாமர ஜனங்கள்மேல் மட்டும் சுமத்தினால் அநியாயம். நாகரிகத்தில் முதிர்ந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்காவில் இந்தப் புரட்டு எவ்வளவு பெரிய அளவில் நடந்தது என்பதை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பென்சில்வேனியா மாகாணத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் இரும்புத் தொழிலாளர் ஊர். அதற்கு 14 மைல் மேலே மலையில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை. உயரம் 72 அடி. பிட்ஸ்பர்க் கோடீசுவரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, மீன் பிடித்தும் படகு விட்டும் கோடையில் பொழுதுபோக்க அந்த ஏரியை வாங்கினார்கள். கார்னெகி, ஃப்ரிக் போன்ற பெரும் முதலாளிகள் அதில் அங்கத்தினர்கள். அணையின் அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்களை முன்பிருந்த சொந்தக்காரர் ஏற்கெனவே பிடுங்கி எடுத்திருந்தார். இவர்கள் திரும்ப வைக்கவில்லை. கோச்சு வண்டி போக வர வசதியாக அணையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, தாங்கள் வாங்கிவிட்ட மீன் ஓடிவிடக்கூடாதென்று உபரி நீர் போகும் வழியில் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தார்கள்.

வாசகர்கள் நமது செங்கற்பட்டுத் தட்டியை நினைத்துக்கொள்ளட்டும். 1889 மே 31ஆம் தேதி பெருமழையில் அந்தக் கம்பியில் குப்பையும் மரமும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் அணைக்கு மேலேறி வழிந்தது. மண் அணை கரைந்தது. கீழே ஜான்ஸ்டவுனில் மாண்டவர்கள் 2,209 பேர். கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு அந்தச் சங்கத்தாரிடமிருந்து ஒரு காசும் தீர்ப்பாகவில்லை. காரணம், அது கடவுள் செயல்! மீன் கம்பியைக் கடவுளா வைத்தார்? அணையின் உச்சியைக் கடவுளா வெட்டினார்? ஆனாலும் சட்டப் புத்தகத்தில் கடவுளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறபடியால், பணக்காரர்கள் அதற்குள் புகுந்து தப்பித்துக்கொள்ள முடிந்தது.

நம் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. கார்வெட்டிநகரம் ஜமீனில் பெருமழையில் ஏரிகள் உடைந்து, சென்னை ரயில்வே கம்பெனியின் பாதை சேதமாயிற்று. கம்பெனி ஜமீன்தார்மேல் வழக்குத் தொடுத்து அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1874இல் தீர்ப்பாயிற்று. ஏரிகள் இந்த நாட்டின் விவசாயத்திற்கு இன்றியமையாதவை, அவற்றை வைத்துக் காப்பது ஜமீன்தாரின் கடமை, ஆகவே அவர் அஜாக்கிரதையாயிருந்தார் என்று ருஜுவானாலொழிய அவர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஊருக்கு வேண்டிய ஏரியும் சீமான்கள் மீன்பிடிக்கும் குளமும் ஒன்றாகமாட்டா. ஆனால், அஜாக்கிரதையை ருஜுப்பிக்க ஒரு ரயில்வே கம்பெனியாலேயே முடியவில்லையென்றால், குடிசை போன கூலிக்காரனால் முடியுமா? ஏரிக்குப் பொறுப்பாளி யார், கரை கடைசியாக என்று பார்க்கப்பட்டது, என்ன குறை கண்டார்கள் என்பது எழுத்தில் எங்கும் இல்லாவிட்டால் எந்தக் கோர்ட்டில் எதை ருஜுப்பிப்பது?

இன்றைய சட்டம் இந்த விஷயத்தில் மேலாயிருக்கிறதா என்று பார்த்தால், 2021ஆம் வருஷத்தில் அணைப் பாதுகாப்புச் சட்டம் என்று இந்தியப் பார்லிமெண்டில் ஒன்று நிறைவேறியிருக்கிறது. நல்ல சட்டம். சோதனை, அறிக்கை, பொறுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் நடுவிலுள்ளவற்றில் சில நிபந்தனைக்குட்பட்டவைகளுக்கும்தான். நமது தாங்கலின் கரையோ 3 மீட்டர். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை பஞ்சாயத்து ஒன்றியங்கள் வசம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாதவை. பெரிய அணை உடைந்தால் பேப்பரில் வரும். சிறிய கரை உடைந்தால் காலனிக்காரர்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நாலு நாள் படுத்திருந்துவிட்டுத் திரும்புவார்கள்.

பழைய காலத்தில் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று செய்தார்கள். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுப்புறத்து ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். யாரை? உழைக்கும் வகுப்பாரை! ஏரித் தண்ணீரில் முப்போகம் விளைத்தவன் திண்ணையில் உட்கார்ந்திருக்க, ஒரு சாண் நிலம் இல்லாதவன் நடுராத்திரியில் மண் சுமக்க வேண்டும். குடிமராமத்து என்று நமது பழமைப் பிரியர்கள் கண்ணில் நீர் வரப் பேசும் ஏற்பாட்டிற்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, விஷயத்துக்கு வருவோம். ஒரு சிறு தாங்கலால் வெள்ளத்தைத் தடுக்க முடியுமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். நாம் இஞ்சினீயர் அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததும் சொற்பம். ஆனால் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தவர்கள் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. 100 ஏக்கர் மேட்டு நிலத்தில் 4 அங்குல மழை இரண்டு மணி நேரத்தில் பெய்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியைப் பூமி குடித்துவிட, பாதி ஓடி வருகிறது. அது 7,26,000 கன அடி தண்ணீர். அவ்வளவும் அந்த இரண்டு மணி நேரத்திலேயே ஊருக்குள் இறங்கினால் வினாடிக்கு 100 கன அடி. எந்தத் தெரு வாய்க்கால் அதைத் தாங்கும்? வீட்டுக்குள் வராமல் அது வேறு எங்கே போகும்? அதே தண்ணீரை 2 ஏக்கர் பரப்பும் எட்டரை அடி ஆழமும் உள்ள ஒரு குளத்தில் பிடித்து நிறுத்தி, அடியில் ஒரு குழாய் வைத்து ஒரு பகல் ஓர் இரவில் வெளியே விட்டால், வினாடிக்கு எட்டரைக் கன அடிகூட ஆகாது. சாதாரண வாய்க்காலில் அது அடங்கிப் போகும். வந்த தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. வரும் நேரத்தைத்தான் நீட்டினோம். இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. மழை வரும்போது குளம் காலியாக இருக்க வேண்டும். நிறைந்த குளம் வெள்ளத்தைத் தடுக்காது. நிறைந்த வயிற்றில் விருந்து இறங்காததுபோல. இங்கேதான் நம் ஊர்களில் தகராறு. பாசனக்காரருக்கு நிறைந்த குளம் வேண்டும். மீன்காரருக்கு நிறைந்த குளம் வேண்டும். காலி இடம் வேண்டும் என்பவர்கள் பள்ளத்தில் இருப்பவர்கள் மட்டும். அவர்கள் பேச்சு கிராம சபையில் எடுபடுவதில்லை. ஆகையால் கலங்கலின்மேல் மணல் மூட்டையும் பலகையும் அடுக்கி மட்டத்தை உயர்த்துவது எங்கும் வழக்கமாகிவிட்டது. ஒரு முழம் தண்ணீர் கூடக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்த ஒரு முழம் கரையின் உயிரிலிருந்து எடுத்தது என்பதை உணர்வதில்லை.

மண் கரை எதனால் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, மேலே ஏறி வழிந்து சாகும். கல் கட்டின்மேல் தண்ணீர் வழியலாம்; மண்மேல் வழிந்தால் சில மணி நேரத்தில் வெட்டி இறக்கிவிடும். கலங்கல் இருப்பது இதற்காகத்தான். அதன் வாயை அடைப்பது தூங்குகிறவன் மூக்கை அடைப்பதற்கு ஒப்பாகும். இன்னொன்று, உள்ளுக்குள்ளே அரித்துச் சாகும். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய பொந்து, மதகுக் குழாயை ஒட்டிச் சரியாக இடிக்காத மண் இவற்றின் வழியே கசிவு புறப்படும். கரையின் வெளிச்சரிவில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வர வேண்டும். கலங்கலாக, மண்ணோடு வந்தால் உடனே கீழே உள்ளவர்களை எழுப்பிவிட வேண்டும். அந்தக் கிராமத்துக் கரையின்மேல் ஓர் அரச மரம் இருக்கிறது. அதற்கு மஞ்சள் துணி கட்டிப் பிரதட்சணம் செய்கிறார்கள். அதன் வேர் கரைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டால் நாஸ்திகன் என்கிறார்கள்.

பெரிய ஏரியில் ஷட்டர் வைத்து ஆளையும் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதையும் சென்னை பார்த்துவிட்டது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரு நாளைக்குள் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையில் தூங்கினவர்கள் கட்டிலில் தண்ணீர் ஏறியபின் விழித்தார்கள். இதை ஆராய்ந்த கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, அது மனிதரால் விளைந்த பேராபத்து என்றே சொல்லிற்று. சர்க்கார் தணிக்கையாளரே கடவுளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுதலை செய்துவிட்டார் என்பதில் நமக்கு ஒரு திருப்தி.

இதற்கு மாறாகத் தங்கள் அறிவை நம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒஹையோ மாகாணத்தில் டேடன் என்ற நகரம். 1913ஆம் வருஷம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோதே மழை பிடித்தது. இரண்டே நாளில் ஆற்றங்கரைகளுக்கு மேலே தண்ணீர் ஏறி ஊருக்குள் புகுந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் 360 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பரணில் ஏறி உட்கார்ந்து, இனி இப்படி நடக்க விடுவதில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். தண்ணீர் வடிந்ததும் தங்களுக்குள் 20 லட்சம் டாலருக்கு மேல் பணம் திரட்டினார்கள். கோயில் கட்டவா? இல்லை. ஆர்தர் மார்கன் என்ற இஞ்சினீயரை வேலைக்கு வைத்தார்கள். இவர் கல்லூரிப் பட்டம் பெறாதவர்; சர்வேயரான தகப்பனாரிடமும் புத்தகங்களிலும் கற்றுக்கொண்டவர். (பட்டம் இல்லாதவன் பேசக்கூடாது என்று நம்மிடம் சொல்லும் பண்டிதர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.)

அவர் கட்டியது ஐந்து மண் அணைகள். 1922இல் முடிந்தன. அவற்றின் விசேஷம், சாதாரண நாளில் அவற்றில் தண்ணீரே நிற்பதில்லை. உள்வாயில் பயிர் செய்கிறார்கள், பூங்கா வைத்திருக்கிறார்கள். அணையின் அடியில், கீழேயுள்ள ஆறு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே போகும்படி கான்கிரீட்டில் வழி வைத்திருக்கிறது. ஷட்டர் கிடையாது. வெள்ளம் வந்தால் மிச்சத் தண்ணீர் தானாகத் தேங்கி, தானாக வடியும். எந்த அதிகாரியும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டைக்குத் தூக்கம் வராது, லஞ்சமும் கொடுக்க முடியாது. 1913 வெள்ளத்தைவிட 40 சதவிகிதம் அதிகமாக வந்தாலும் தாங்கும்படி கணக்குப் போட்டார்கள். இதுவரை இரண்டாயிரம் தடவைக்குமேல் அவை வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. செலவையும், யாருக்கு எவ்வளவு நன்மையோ அவரிடம் அவ்வளவு என்று நிர்ணயித்து வசூலித்தார்கள்.

அங்கேயும் எதிர்ப்பு இல்லாமலில்லை. நகரத்தைக் காப்பாற்ற எங்கள் நிலம் ஏன் முழுகவேண்டும் என்று மேலேயிருந்த விவசாயிகள் சண்டையிட்டார்கள். நியாயமான கேள்வி. இங்கே வெள்ளத் தடுப்புக் குளம் வெட்டுகிறோம் என்று யாராவது புறப்பட்டால், அதற்கு இடம் தேடிக்கொண்டு மேய்ச்சல் புறம்போக்குக்கும் ஏழைகளின் குடிசைக்கும் வருவார்களா, அல்லது ஏரிக்குள்ளேயே பட்டா வாங்கிக் கட்டிடம் கட்டியவர்களிடம் போவார்களா என்பதை நாம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம்மிடம் சில நண்பர்கள், “கிடா வெட்டினால் உங்களுக்கு என்ன நஷ்டம்? கரைமேல் ஐயனாரை வைத்ததே கரையை யாரும் வெட்டாமலிருக்கத்தானே? பக்தி இருந்தவரைக்கும் ஏரி பிழைத்தது” என்று சொல்லுகிறார்கள். முன்னோர்கள் அப்படித் தந்திரமாக வைத்தார்களென்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பயம் இன்று யாரைத் தடுக்கிறது? ஐயனார் குதிரையின் காலடியிலேயே மண் அள்ளிச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோகிறார்கள். வருகிற வரத்துக்காலை அடைத்து மனை போட்டு விற்கிறார்கள். விற்றவர்களே கும்பாபிஷேகக் கமிட்டியில் தலைவர்களாயும் இருக்கிறார்கள். நஷ்டம் கிடா அல்ல. கிடா வெட்டிவிட்டோம், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்களே, அந்தத் தூக்கம்தான் நஷ்டம்.

அன்றிரவு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். கலியாண வீட்டு இளைஞர்களும் காலனி இளைஞர்களும் பத்துப் பேர் சேர்ந்து, கயிறு கட்டி இறங்கித் தட்டியை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு சாதிப் பிள்ளைகளும் ஒரே கயிற்றைப் பிடித்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்ததாம். குத்தகைக்காரர் ஓடி வந்து, “மீன் போனா எனக்கு யார் பணம் குடுப்பாங்க?” என்று சத்தம் போட்டார். அவர் பேரிலும் முழுக் குற்றம் சொல்ல முடியாது. ஏலத்தில் பணம் வாங்கியவர்கள் கலங்கலை அடைக்கக்கூடாது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. விடிந்து பார்க்கையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. கிடாவை அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பூசாரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர் இளைஞர்கள் இப்போது ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். அடுத்த மீன் ஏலத்தில், கலங்கலில் தட்டியோ வலையோ பலகையோ வைக்கக்கூடாது என்று நிபந்தனை சேர்க்க வேண்டும். மீன் போகாமலிருக்க வேண்டுமானால் கலங்கலுக்கு உள்ளே தள்ளி, அகலமாகவும் உயரம் குறைவாகவும் வேலி போட்டு, மழைக் காலத்தில் தினம் குப்பை வாரவேண்டும். வருஷத்தில் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒன்றிய இஞ்சினீயர் கரையைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையைப் பஞ்சாயத்துப் போர்டில் ஒட்ட வேண்டும். கரைக்குப் பொறுப்பான ஓர் ஆளின் பெயரையும் டெலிபோன் எண்ணையும் கலங்கல் ஓரத்தில் பலகையில் எழுத வேண்டும். ராத்திரியில் ஆபத்து என்றால் முதலில் காலனிக்குச் சொல்ல வேண்டும். காலனியிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், கரைக் கமிட்டியில் இருக்க வேண்டும் என்பவை அதிலுள்ள கோரிக்கைகள். மனுவின் முதல் கையெழுத்து, தூக்கம் கிடையாது என்று சொன்ன அந்த அம்மாளுடையது.

கிராம சபையில் இதைப் படிக்க அவர்கள் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதே சபையில் கரை அம்மன் கோயில் திருப்பணிக்கு வசூல் பற்றிய தீர்மானமும் வருவதாகத் தெரிகிறது. எது முதலில் எடுக்கப்பட்டது, எது ஒத்திவைக்கப்பட்டது என்பதை நாம் பின்னர் எழுதுகிறோம். இதற்கிடையில் மற்ற ஊர்த் தோழர்கள் தங்கள் ஊர்க் கலங்கலை ஒரு முறை போய்ப் பார்த்து, அதன் வாயில் என்ன கட்டியிருக்கிறது, கரையின் உச்சிக்கும் கலங்கல் மட்டத்துக்கும் எத்தனை அடி, கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்ற விவரத்தை நமது பத்திரிகைக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.